கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் மழைநீர் புகுந்தால்: முன்தயாரிப்பு முதல் காயவைப்பது வரை

கூரையும் ஜன்னலும் முடியாத வீட்டுக்குள் மழை வருவது இயல்பு. செங்கல், கான்கிரீட், சிமென்ட் பூச்சு எல்லாமே தண்ணீரில் நனைந்து வளர்ந்தவைதான், நனைந்ததாலேயே கெட்டுவிடாது. கெடுவது மூன்று இடங்களில்: அஸ்திவாரத்துக்கு அடியில் மண் இளகும்போது, இறுகாத கான்கிரீட்டில் சிமென்ட் கரைந்து போகும்போது, ஈரத்தை உள்ளே வைத்துப் பட்டியும் (பெயின்ட்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் பூச்சு) பெயின்ட்டும் மர வேலையும் செய்து மூடும்போது. மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது. அதுதான் கடைசி வரை துரத்துகிறது.

முதல் முறை வீடு கட்டுகிறவர்கள் மழை வந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தரைக்கு ஓடுகிறார்கள். வரிசை அப்படியல்ல. முதலில் மனைக்கு வெளியே தண்ணீர் போக வழி, அடுத்து மொட்டை மாடி, பிறகு திறப்புகள், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் உள்ளே தேங்கியதை எடுப்பது. வரும் வழியை அடைக்காமல் இறைத்தால் அடுத்த மழையில் அதே வேலை மறுபடியும் இருக்கும்.

1. மழைக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

மேகம் கறுத்த பிறகு எதையும் வாங்க முடியாது. குறைந்தபட்சம் இவை வேலை நடக்கும் இடத்திலேயே இருக்கட்டும்: தடித்த தார்ப்பாய், கனமான பிளாஸ்டிக் ஷீட், கயிறு, சேற்றுத் தண்ணீரை இழுக்கும் பம்பு, அதற்குப் போதுமான நீளத்தில் ஹோஸ், ரப்பர் வைப்பர், மண்வெட்டி, பிவிசி குழாய்களுக்கு மூடிகள், கம்பி பிரஷ், சாக்பீஸ்.

பம்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நல்ல தண்ணீருக்கான சாதாரண மோட்டார் சேற்றில் அடைத்துக்கொள்ளும். அழுக்குத் தண்ணீருக்கென்று உள்ள பம்புதான் வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் வரும் என்று ஒரு கணக்கு மனதில் இருப்பது நல்லது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி தளத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். இதைப் பார்த்தாலே தெரியும், வாளியால் ஆகிற வேலை இல்லை. வாட்டமும் (தண்ணீர் ஓடும் சரிவு) வழியும்தான் வேலை செய்ய வேண்டும்.

சிமென்ட் மூட்டைகளைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். தரையும் சுவரும் ஈரத்தை இழுத்து மூட்டைக்குள் கடத்தும். மேலே ஷீட் போட்டால் போதும் என்று நினைப்பவர்களின் அடி வரிசை மூட்டைகள்தான் கல்லாகின்றன. விரலால் நசுக்கினால் உடையாத கட்டி உள்ள சிமென்ட்டைச் சலித்துப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஏற்கெனவே தன் வேலையை முடித்துவிட்டது.

2. மனையைச் சுற்றித் தண்ணீருக்கு வழி

மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை மனையைச் சுற்றி நடந்து, மேடு எது பள்ளம் எது என்று பாருங்கள். மேட்டுப் பக்கத்தில் ஒரு சிறிய வாய்க்கால் வெட்டி, வருகிற தண்ணீரைக் கட்டடத்தைத் தொடாமல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். வெட்டிய மண்ணைக் கட்டடப் பக்கம் கரையாகப் போடுங்கள். பக்கத்து மனைக்குள் திருப்பிவிடாதீர்கள். வாய்க்கால் முடிகிற இடம் உண்மையிலேயே தண்ணீர் போகிற இடமாக இருக்க வேண்டும்.

மணல், ஜல்லி, தோண்டிய மண் இவற்றை அந்த வழியில் கொட்டிவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. மழை வந்தால் அது அணை ஆகிவிடும். மணலும் மிஞ்சாது.

3. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய நிலையில் மழை வந்தால்

வீட்டின் எடை முழுக்க வந்து உட்காரப்போவது இந்தக் குழியின் அடிமண்ணில். அதனால் இங்கே மட்டும் அவசரமே கூடாது.

மழை எதிர்பார்க்கும் நாட்களில் முழு ஆழமும் ஒரே தடவையில் தோண்டாதீர்கள். கடைசி அரையடியை விட்டுவைத்து, பிசிசி (அடியில் போடும் கம்பியில்லாக் கான்கிரீட்) போடும் நாளில் தோண்டுங்கள். மழை வந்தால் அந்த அரையடிதான் இளகும். அதை வழித்து எறிந்துவிட்டால் கீழே தொடாத மண் கிடைக்கும். தோண்டிய அன்றே பிசிசி போட்டுவிட்டால் அடிமண் மூடப்பட்டுவிடும், அதற்குப் பிறகு வரும் மழை பெரிய கவலை இல்லை.

தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காதீர்கள். குறைந்தது 5 அடி தள்ளி இருக்கட்டும், ஆழம் கூடினால் இன்னும் தள்ளி. ஈரமான பக்கச் சுவர் மேலே உள்ள பாரத்தில் சரிந்து விழும். ஆளுயரக் குழி என்றால் பக்கங்களைச் சாய்வாக வெட்டவோ முட்டுக் கொடுக்கவோ வேண்டும். மழை நின்றதும் யாரையும் உடனே உள்ளே இறக்கிவிடாதீர்கள். விளிம்பில் புதிய விரிசல் கோடு இருக்கிறதா என்று மேலிருந்து பார்த்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். மண் சரிவு கத்திக்கொண்டு வராது.

தண்ணீர் இறைக்க, அடித்தளம் அமரும் இடத்துக்கு வெளியே ஒரு மூலையில் ஓர் அடி கூடுதல் ஆழத்தில் சிறு குழி எடுத்து, பம்பை அதில் வையுங்கள். அடித்தளம் அமரும் இடத்தின் நடுவில் பம்பை வைத்தால் தண்ணீரோடு நுண்மண்ணும் போய், அடி பொலபொலத்துவிடும். புதிதாகப் போட்ட கான்கிரீட் அருகே பம்பு ஓடினால் சிமென்ட் பாலையும் சேர்த்து இழுத்துவிடும்.

தண்ணீர் போனபின் கால் புதைகிற சேறு இருக்கும். கெட்டி மண் தட்டுப்படும் வரை அதை வழித்து எடுக்க வேண்டும். இதனால் குழி கொஞ்சம் ஆழமாகிவிடும், பரவாயில்லை. ஆனால் அந்தக் கூடுதல் ஆழத்தைத் தோண்டிய மண்ணைப் போட்டு மட்டப்படுத்துகிறார்கள். அது கூடாது. பிசிசியாலேயே நிரப்புங்கள். அள்ளிப்போட்ட மண் பாரம் ஏறியதும் அமரும். மற்ற இடம் அமராது. பிறகு சுவரில் சாய்வாக ஒரு விரிசல் வரும்.

கம்பி கட்டிய பிறகு மழை வந்தால், கம்பியில் லேசான பழுப்புத் துரு படிவது தவறில்லை. செதிலாக உதிரும் துருவைக் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டும். சேறு படிந்திருந்தால் கட்டாயம் கழுவ வேண்டும், ஏனென்றால் மண் ஒட்டிய கம்பியைக் கான்கிரீட் பிடிக்காது.

4. காலியான சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க்

பலருக்கும் தெரியாத ஆபத்து இது. நிலத்தடி நீர் மேலே வரும்போது காலித் தொட்டி படகு போல மிதக்கப் பார்க்கும். 10 கன மீட்டர் அளவுக்குத் தொட்டி தண்ணீருக்குள் இருந்தால் 10 டன் விசை அதை மேலே தள்ளும். தொட்டியின் எடை அதைவிடக் குறைவு என்றால் தூக்கிவிடும், குழாய் இணைப்புகள் முறியும்.

அதனால் மழைக்காலத்தில் தொட்டியைத் தண்ணீர் நிரப்பியே வைத்திருங்கள். மழைநீர் புகுந்திருந்தால் சுற்றியுள்ள மண் வடியும் வரை இறைக்காதீர்கள். வாயை மட்டும் கெட்டியாக மூடிவிடுங்கள். யாரும் தவறி விழக்கூடாது.

5. தளம் (கூரைக் கான்கிரீட்) போடும் நாளில் மழை

முதல் பாதுகாப்பு, தளத்தின் பலகைகளைத் தாங்கும் முட்டுகளின் அடி. மண்ணில் நேரடியாக நிற்கும் முட்டு, மண் நனைந்ததும் இறங்கும். அத்துடன் தளமும் தொய்யும். ஒவ்வொரு முட்டுக்கும் கீழே அகலப் பலகை இருக்க வேண்டும். கான்கிரீட் போடுமுன் மழை பெய்திருந்தால் ஒவ்வொரு முட்டையும் கையால் அசைத்துப் பார்த்து ஆப்பை இறுக்குங்கள். ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு மேலே ஏறிவிடக் கூடாது.

அடுத்தது மணல். நனைந்த மணலில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. அதைக் கழிக்காமல் வழக்கமான தண்ணீரை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும், பலம் குறையும். இன்னொரு பக்கம், லேசாக ஈரமான மணல் உப்பிக் கொள்ளும். காய்ந்த மணலைவிட 20 முதல் 30 சதவீதம் வரை அதிக இடம் பிடிக்கும். சட்டியால் அளந்து போடும் இடங்களில் இதனால் மணல் குறைவாக விழுகிறது. தண்ணீரைக் குறைத்து, மணலைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதை இன்ஜினியர் அங்கேயே பார்த்துச் சொல்லட்டும்.

தூறல் என்றால், மிக்ஸரையும் போட்டுவரும் இடத்தையும் மூடிக்கொண்டு தொடரலாம். கனமழை என்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தும் இடம் முக்கியம். மழைக்குப் பயந்து கிடைத்த இடத்தில் கான்கிரீட்டைச் சரிவாக இழுத்துவிட்டு ஓடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்த மெல்லிய ஓரம்தான் பிற்பாடு ஒழுகும் கோடு. எங்கே நிறுத்தலாம் என்று காலையிலேயே இன்ஜினியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பலகை வைத்து நேர்க்குத்தாக முடியுங்கள்.

ஷீட்டைப் பச்சைக் கான்கிரீட் மேல் அப்படியே விரித்தால் பரப்பு சுருங்கி ஒட்டும். வசதி இருந்தால் கம்புகளை நட்டு அதன் மேல் கட்டுங்கள். முடியாவிட்டால் விரித்தே ஆக வேண்டும். கரைந்து போவதைவிட அது மேல். ஷீட்டின் ஓரத்தில் வழியும் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் போகாமல் வெளியே விழுகிறதா என்று பாருங்கள்.

மழை விட்டதும் விரலால் அழுத்திப் பாருங்கள். இன்னும் இளக்கமாக இருந்தால் மேலே நிற்கும் தண்ணீரை வழித்துவிட்டு, நீர்த்துப்போன மேல் கலவையையும் எடுத்துவிட்டுத் தொடரலாம். இறுகிவிட்டிருந்தால் அது பழைய கான்கிரீட். ஓரத்தை ஜல்லி தெரியும் வரை கொத்தி, கழுவி, சிமென்ட் பால் பூசி, பிறகுதான் புதியதைப் போட வேண்டும்.

மேலே நிற்கும் தண்ணீரை உறிஞ்சட்டும் என்று வெறும் சிமென்ட்டைத் தூவி மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் பலகை) தேய்ப்பதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். பார்க்க அழகாக இருக்கும். சில வாரங்களில் அந்த மேல்தோல் வெடித்துப் பெயரும்.

கட்டைவிரலால் அழுத்தினாலும் தடம் விழாத அளவுக்கு இறுகிய பிறகு வரும் மழையால் பயமில்லை; அது க்யூரிங்தான் (கான்கிரீட் பலம் ஏற ஈரமாக வைத்திருப்பது). ஆனால் மழை பெய்தது என்பதற்காக மறுநாள் தண்ணீர் விடாமல் இருந்துவிடாதீர்கள். மழைக்குப் பின் வீசும் காற்று சீக்கிரம் காயவைத்துவிடும். குறைந்தது 7 நாள் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். மழை அடித்து ஜல்லி வெளியே தெரியும் அளவுக்கு அரித்திருந்தால், பூசி மறைக்கும் முன் இன்ஜினியரைக் கூப்பிட்டுச் சோதித்துவிடுங்கள்.

க்யூரிங்குக்குப் பாத்தி கட்டியிருந்தால் கனமழையில் அதன் ஒரு பக்கத்தை உடைத்துவிடுங்கள். 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ பாரம், அதுவும் பலம் ஏறாத தளத்தின் மேல்.

6. மேல்தளத்தில் உள்ள ஓட்டைகள்

வீட்டுக்குள் வரும் தண்ணீரில் பெரும்பகுதி படிக்கட்டு வழியாகத்தான் வருகிறது. ஹெட்ரூம் (மாடியில் படிக்கட்டை மூடும் அறை) கட்டி முடியும் வரை, அந்தத் திறப்பைச் சுற்றி ஒரு வரிசை செங்கல்லை வைத்துக் கலவை பூசி வரப்பு கட்டுங்கள். மாடியில் விழும் தண்ணீர் உள்ளே இறங்காது. திறப்பின் மேல் நேராக விழும் மழைக்கு, நடுவில் உயர்த்திய கம்பின் மேல் இருபுறமும் சரிவாகத் தார்ப்பாய் கட்டுங்கள். தட்டையாகக் கட்டினால் நடுவில் தண்ணீர் சேர்ந்து, பாரத்தில் கிழிந்து, மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே விழும்.

வரப்பு கட்டினால் தண்ணீருக்கு வேறு வழி வேண்டும். தளம் போடும்போதே தாழ்வான ஓரத்தில் ஒரு குழாய்த் துண்டை வைத்துவிடுவது நல்லது. விட்டுப்போயிருந்தால் தளத்தைக் கொத்தி ஓட்டை போடாதீர்கள், கம்பி அறுபடும். கைப்பிடிச்சுவரில் ஒரு செங்கல்லை எடுத்து வழி விடலாம். வெளியேறும் தண்ணீர் சுவரின் காலடியில் விழாமல், குழாய் மாட்டித் தள்ளி விடுங்கள். அங்கே விழுந்தால் அஸ்திவாரத்தைச் சுற்றி நிரப்பிய மண் அரித்துப் போகும்.

மின்சாரக் குழாய்களின் வாய்களை மூடிகளால் அடையுங்கள். சிமென்ட் சாக்கைத் திணித்து வைப்பது போதாது. அது உள்ளே இறங்கி, ஒயர் இழுக்கும் நாளில் அடைப்பாக நிற்கும்.

7. சுவரும் ஜன்னலும்

அன்றைய வேலை முடிந்ததும் சுவரின் மேல் வரிசையைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, இரு பக்கமும் இரண்டடி தொங்கவிட்டு, மேலே கல் வையுங்கள். பச்சைக் கலவை கரைவதைத் தடுக்க இந்த ஐந்து நிமிட வேலை போதும். ஊறிப்போன செங்கல் கலவையில் வழுக்கும், அதனால் மழை நாட்களில் ஒரே நாளில் உயரமாக எழுப்ப வேண்டாம்.

ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ள கல்) சுவர் என்றால் கூடுதல் கவனம். மேலே திறந்திருந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பி நிற்கும், வெளியே தெரியாது. பூசி முடித்த பிறகு அடிப்பக்கத்தில் ஒரு ஈரக்கோடாக வரும். சந்தேகம் இருந்தால் பூசும் முன் அடி வரிசையில் சிறு துளை போட்டு வடியவிடுங்கள்.

ஜன்னல் திறப்புகளுக்கு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்து ஷீட் கட்டுங்கள். ஷீட்டின் கீழ் ஓரம் வெளிப்பக்கம் தொங்க வேண்டும், மேலே கொஞ்சம் காற்று போக இடம் வேண்டும். முழுக்க அடைத்தால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலின் அடிக்கட்டு வெளிப்புறம் வாட்டமாக இருக்கிறதா என்பதையும் சன்ஷேடின் அடியில் நீர் சொட்டும் பள்ளம் விட்டிருக்கிறதா என்பதையும் பூச்சுக்கு முன் பாருங்கள். சிறிய விஷயங்கள், ஆனால் வீடு இருக்கும் வரை வேலை செய்பவை.

8. உள்ளே புகுந்ததை வெளியேற்றுவது

முதலில் தற்காலிக மின் இணைப்பை மெயினில் அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்விட்சைத் தேடாதீர்கள். பம்புக்கான இணைப்பில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் ஸ்விட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும். இன்ஜின் பம்பை அறைக்குள்ளோ குழிக்குள்ளோ இறக்கி ஓட்டக் கூடாது. அதன் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, ஆளைக் கொல்லும்.

மேல் மாடியில் தொடங்கிக் கீழே வாருங்கள். சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுங்கள். காய்ந்தால் கான்கிரீட்டில் ஒட்டி, அடுத்து வரும் டைல்ஸ் கலவையைப் பிடிக்க விடாது.

தரைக்குக் கீழே அறை இருந்து அதில் தண்ணீர் நிரம்பிவிட்டால் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். வெளியே ஊறிய மண் சுவரை உள்பக்கம் அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் எதிராகத் தாங்குகிறது. நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறக்கி, மட்டம் திரும்ப ஏறுகிறதா என்று பார்த்து அடுத்ததைச் செய்யுங்கள்.

பேஸ்மென்ட்டில், அதாவது தரைக்கு அடியில் நிரப்பிய மண்ணில், தண்ணீர் நின்றிருந்தால் அது வடிந்து இறுகட்டும். அப்புறம் இறங்கிய இடத்தில் அரையடி அரையடியாக மண் போட்டுத் திமிசால் இடித்து இறுக்குங்கள். சேற்றின் மேல் தரைக் கான்கிரீட் போட்டால் கீழே வெற்றிடம் விழும்.

உடனே எடுக்க முடியாத தேங்கல் இருந்தால் வாரம் ஒரு முறையாவது முழுக்க வடித்துக் காயவிடுங்கள். கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

9. கசிவுகளைக் குறித்துவையுங்கள்

மழை பெய்யும்போதே ஒரு சாக்பீஸோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். தளத்தின் அடியில் ஈரம், சுவரும் பீமும் சேரும் இடத்தில் கோடு, ஜன்னல் மூலை, ஃபேன் பாக்ஸில் சொட்டு: ஒவ்வொன்றையும் வட்டமிட்டுத் தேதி எழுதிப் படம் எடுங்கள். காய்ந்தபின் ஒன்றும் தெரியாது. பூசியபின் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள்.

ஃபேன் பாக்ஸில் சொட்டுவது எப்போதும் தளத்தின் குறை அல்ல. மூடாத குழாய் வழியாக வந்த தண்ணீராக இருக்கலாம். மூடிய பிறகும் அடுத்த மழையில் சொட்டினால் தளத்தைச் சந்தேகியுங்கள். ஒழுகும் இடத்தை அடியிலிருந்து பூசி அடைப்பது வீண். தண்ணீர் நுழைவது மேலே, பழுதும் மேலே பார்க்க வேண்டும்.

10. காயவைப்பதும், அதன்பின் வேலைகளின் வரிசையும்

ஒப்பந்ததாரர் அவசரப்படுவார். நீங்கள் பிடிவாதமாக இருக்க வேண்டிய கட்டம் இது.

எதிரெதிர் திறப்புகளைத் திறந்து காற்று ஓடவிடுங்கள். ஃபேன் வைத்தால் இன்னும் நல்லது. அடைத்த அறையில் அடுப்பு மூட்டிக் காயவைக்காதீர்கள். எரியும் வாயுவிலிருந்தே நீராவி வரும்; புகை ஆபத்து தனி; வேகமாகக் காய்ந்தால் பூச்சும் வெடிக்கும்.

கான்கிரீட் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய தோராயக் கணக்கு. சோதிக்க, ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கட்டினாலோ அந்த இடம் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் உள்ளது. தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும்.

சுவரில் வெள்ளையாக உப்பு பூத்தால் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய், மறுபடி பூக்கும். பூப்பது நின்ற பிறகு பட்டி போடுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: மொட்டை மாடி வாட்டமும் நீர்க்காப்பும், வெளிப்பூச்சு, ஜன்னல் அடைப்பு, உள்ளே காய்தல், பிறகு ஜிப்சம் அல்லது பட்டி, அதற்கும் பிறகு மர வேலை. சிமென்ட் உள்பூச்சைக் கொஞ்சம் ஈரச் சுவரிலும் செய்யலாம். ஜிப்சத்தையும் பட்டியையும் செய்யக் கூடாது. நீர்க்காப்பிலும் வேறுபாடு உண்டு. சிமென்ட் கலந்த பூச்சுக்குத் தளம் லேசாக ஈரமாக இருக்க வேண்டும். ஷீட் வகைக்கும் பெயின்ட் போன்ற வகைக்கும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் உள்ள ஈரம் ஆவியாகிக் கொப்புளம் கிளப்பும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே தொடங்குங்கள்.

ஒயர் இழுக்கும் முன், ஒவ்வொரு குழாயிலும் ஸ்பிரிங்கில் துணி கட்டி இழுத்துப் பாருங்கள். துணி நனைந்து வந்தால் காய்ந்து வரும் வரை திரும்ப இழுங்கள்.

கதவு நிலைகளின் அடிப்பகுதிக்கும் வெட்டு முனைகளுக்கும் நிறுத்தும் முன்பே பிரைமர் அடித்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறுவது அந்த முனை வழியாகத்தான். ஊதிய கதவை உடனே சீவாதீர்கள். காய்ந்ததும் சுருங்கும், அப்போது இடைவெளி விழும். அலமாரிகளை முதல் மழைக்காலம் முடியும் வரை வெளிச்சுவரோடு ஒட்டி அடிக்காமல், பின்னால் காற்று போக ஒரு விரல் இடம் விட்டு நிறுத்துங்கள்.